வெளித்தாழ்ப்பாள்

ஆராய்ச்சி அறையில் ரோஜாப்பூ வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். கனடாவின் சஸ்காச்சுவானில் பிப்ரவரி மாதத்தில் ரோஜாப்பூ கிடைப்பது லேசான காரியமில்லை. ரெஜைனாவிலிருந்து ஒரு பூக்கடைக்காரர் ரயிலில் அனுப்புவார். குளிரில் உறைந்துபோகாமலிருக்கச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கம்பளியையும் சுற்றி அனுப்புவார். அப்படியும் பாதி கருகித்தான் வந்து சேரும். மீதியில் நல்லதாக ஒன்றை எடுத்து நோயாளியின் கண்ணுக்கு நேரே வைப்போம். மருந்து உள்ளே போய்ச் சற்று நேரத்தில் அந்தப் பூ மூச்சுவிடத் தொடங்கும். நானே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது என் தம்பி லாக்லனைப் பற்றி. அவனிடம்தான் வருகிறேன். மருத்துவமனையை மூடப்போகிறீர்கள். நெடுங்கால நோயாளிகளை அவரவர் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அவனை அழைத்துப்போகச் சொல்லிப் பலமுறை எழுதியும் நான் பதில் போடாததால் நேரில் வந்திருக்கிறீர்கள். கூடப்பிறந்தவன், ஓய்வுபெற்ற மனநல மருத்துவன், பெரிய வீட்டில் தனியாக இருக்கிறவன், ஏன் மறுக்கிறான்? நியாயமான கேள்வி. அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இல்லாததைக் காட்டும் அந்த எல்.எஸ்.டி. மருந்து என்றால் இன்று எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஐம்பதுகளில் அது வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களின் மருந்து. எதற்கும் அடங்காத குடிகாரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தோம். பயங்கரத்தைக் கண்டு நடுங்கி, குடியை விட்டுவிடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. நடந்தது வேறு. நடுங்கியவர்கள் வெளியே போனதும் முதல் வேலையாகக் குடித்தார்கள். ஆண்டவரைக் கண்டேன் என்று சொல்லி அமைதியாக அழுதவர்கள்தான் குடியை விட்டார்கள். எங்களுக்கே அது சங்கடமாக இருந்தது. சாப்பாட்டு அறையில் என் சகா டாக்டர் பெட்டிபோன் தினமும் கேலி செய்வார். “என்ன மர்டோ, உங்க மருந்து அலமாரியில கர்த்தர் இருக்காராமே. வேளைக்கு எத்தனை சொட்டு?”

அவர் சிரித்தார். நான் வேலையைப் பார்த்தேன். அறையை எப்படி அமைத்தால் ஒருவன் ஆண்டவரைக் காண்பான் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். சோபா, மங்கலான விளக்கு, மெதுவான இசைத்தட்டு, அந்த ரோஜா. அருகே உட்கார்ந்திருப்பவர் தானும் ஒருமுறை அந்த மருந்தை உட்கொண்டவராக இருக்க வேண்டும். அவர் நோயாளியின் கையை விடக் கூடாது. எக்காரணத்தைக் கொண்டும் கதவைச் சாத்தக் கூடாது. அதே மருந்து, அதே அளவுதான். அறை நன்றாக அமைந்தால் பரலோகம், கெட்டால் நரகம். இந்த மாகாணத்தில் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைத் தெரியாமல் நடந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

லாக்லன் என்னைவிட எட்டு வயது இளையவன். தானியக் கிடங்கில் கோதுமையை எடைபோடும் வேலை. நன்றாகப் பாடுவான், நன்றாகச் சிரிக்கவைப்பான், மாலையில் குடித்துவிட்டு ரயில்பாதை ஓரத்தில் விழுந்து கிடப்பான். கோதுமை கொண்டுவரும் விவசாயிகள் அவனைத் தாண்டிப் போகும்போது தொப்பியை எடுத்து, “வணக்கம், மூப்பர் மகனே” என்பார்கள். எங்கள் அப்பா டூகல் கல்பிரைத், ஊர்த் திருச்சபையின் மூப்பர். அந்த ஊர்க் கோயிலுக்கு மரம் வெட்டி, சுவர் எழுப்பி, கூரை போட்டவர். அவர் மகனைப் பார்த்து ஊர் சிரித்ததை நான் எவ்வளவு காலம் தாங்குவது? அவனை என் அறைக்கு அழைத்துவந்தேன்.

ஒலேனா என்ற நர்ஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உக்ரேனியக் குடியானவர் வீட்டுப் பெண், நிதானமான கைகள். லாக்லன் முதலில் கேலி பேசிக்கொண்டிருந்தான்.

“ஏம்மா, இதுக்கு முன்னாடி இங்க படுத்தவனுக்கு ஆண்டவர் வந்தாராமே. எனக்கு யாரு வருவா, கிடங்கு மேனேஜரா?”

“வர்றவங்களப் பார்த்துக்குவோம். நீங்க கையக் குடுங்க,” என்றாள் ஒலேனா.

மருந்து வேலை செய்யத் தொடங்கியது. மாலைவரை அந்தப் பூவையே பார்த்தபடி கண்ணீர் வழியப் படுத்திருந்தான். எழுந்தபோது அவன் முகம் சின்ன வயது முகமாக இருந்தது. “அண்ணா, அம்மா வந்தாங்க,” என்றான். “உள்ள வந்து அடுப்புப் பக்கத்துல உக்காந்தாங்க. கையில குளிரே இல்ல. கோவமே இல்லண்ணா அவங்களுக்கு.”

அம்மா எப்படி இறந்தார் என்று இங்கே சொல்ல வேண்டும். நான் பதினான்கு வயதுப் பையன், லாக்லனுக்கு ஆறு. பனிப்புயல் மாலை. மாடு கன்று போடும் நிலையில் இருந்ததால் அம்மா கொட்டகைக்குப் போயிருந்தார். புயலில் வழி தவறாமலிருக்க வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே கயிறு கட்டியிருப்போம். எங்கள் வீட்டில் மாலையில் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபம் தொடங்கினால் கதவு தாழிடப்படும். வெளியே இருப்பவர் ஜெபம் முடியும்வரை காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் எழுந்திருக்கக் கூடாது. அப்பாவின் ஒழுங்கு அது. அன்று பாட எடுத்தது வேதாகமத்தின் நீளமான சங்கீதம் ஒன்று. நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாடி முடித்தோம். பிறகு கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. கொட்டகைக்குத் திரும்பும் வழியில் அம்மா கயிற்றைப் பிடித்தபடியே கிடந்தார். புயலில் வழி தவறிவிட்டார் என்று ஊரில் சொன்னோம். ஊர் நம்பியது. அதன்பின் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

லாக்லன் குடியை விட்டான். குளிர்காலம் முழுவதும் ஒரு துளிகூடத் தொடவில்லை. குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுவார்கள். செய்த தவறுகளை ஒளிக்காமல் பலர் முன்னால் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குடி திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். பையில் பெர்ரிப் பழ ரொட்டி கொண்டுவந்திருந்தான். தானே சுட்டது.

“சபையில எந்திரிச்சு சொல்லப்போறேண்ணா.”

“எத?”

“அம்மா கதவத் தட்டுனத. நமக்குக் கேட்டுச்சுங்கறத.”

அந்த வசந்த காலத்தில் கோயிலில் அப்பாவின் பெயரில் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைப்பதாக இருந்தார்கள். அன்றைக்கே சொல்லப்போவதாகச் சொன்னான். நான் அவனுக்குத் தேநீர் ஊற்றினேன். நல்ல எண்ணம் என்றேன். ஆனால் இவ்வளவு பெரிய காரியத்துக்கு முன்னால் மனம் உறுதிப்பட வேண்டும், இன்னொரு முறை மருந்து எடுத்துக்கொள்வது நல்லது என்றேன்.

“நீ சொன்னா சரிண்ணா,” என்றான். என்னை அவன் ஒருபோதும் சந்தேகித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலைத் தேர்ந்தெடுத்தேன். ஊழியர்கள் குறைவு. ஒலேனாவைக் கீழ்த்தளத்து வார்டுக்கு அனுப்பிவிட்டேன். பூவையும் இசைத்தட்டையும் எடுத்துவிட்டேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். வெளியே காற்று பலமாக இருந்தது. மருந்தின் அளவை நான் கூட்டவில்லை. அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அவன் படுத்ததும் நெற்றியில் கைவைத்து, அம்மா இறந்த அன்று பாடிய அந்தச் சங்கீதத்தை மெதுவாகப் பாடினேன். மருந்து பிடித்துக்கொண்டதும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்தத் தளத்தில் எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான்.

பிறகு கதவைத் தட்டினேன்.

பலமாகத் தட்டவில்லை. விரல் மரத்துப்போன ஒருவர் எப்படித் தட்டுவாரோ அப்படி. சற்று நிறுத்தி, மறுபடியும். உள்ளே அவன் ஓடிவரும் சத்தம் கேட்டது. “இதோ திறக்கிறேன், இதோ வந்துட்டேன்,” என்றான். கைப்பிடியைத் திருகினான். பிறகு மரத்தைப் பிறாண்டினான். நான் தட்டினேன். அவன் நின்றபோதெல்லாம் தட்டினேன். பொழுது சாயும்வரை இப்படிப் போயிற்று. இடையில் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். மற்ற எதையும்விட அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒலேனா எப்படியோ சத்தம் கேட்டு மாடிக்கு வந்தாள். என் கை கதவின்மேல் இருந்தது.

“டாக்டர், என்ன பண்றீங்க?”

“பரிசோதனை.”

அவள் என்னை ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். லாக்லன் கதவை ஒட்டி நின்றிருந்தான். நகங்கள் பெயர்ந்திருந்தன. என்னைப் பார்த்தும் பார்க்காதவனாக, என் தோளுக்கு அப்பால் யாரையோ பார்த்து, “உள்ள வாங்கம்மா,” என்றான். கூடத்தில் யாரும் இல்லை. அவன் எங்களைக் கடந்துபோய் அடுத்த அறையின் கதவைத் திறந்தான். பிறகு அதற்கடுத்த கதவை.

“இவரு உங்க கூடப்பிறந்தவர்தானே?” என்று ஒலேனா கேட்டாள்.

“ஆமாம். அதனால்தான்,” என்றேன்.

நோயாளியைத் தனியே விட்டுப் போய்விட்டாள் என்று அவள்மேல் அறிக்கை கொடுத்தேன். அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெட்டியோடு கிளம்பியபோது என் அறை வாசலில் நின்றாள். “பயப்படாதீங்க டாக்டர். நான் சொன்னா யார் நம்பப்போறா? உங்க குடும்பத்துக்குக் கோயில்ல ஜன்னலே வைக்கிறாங்க,” என்றாள். நான் எழுந்து நின்று விடைகொடுத்தேன். பெண்களுக்கு எழுந்து நிற்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

லாக்லனுக்கு மனச்சிதைவு என்று நான்தான் எழுதினேன். மருந்து தெளிந்த பிறகும் அவன் தெளியவில்லை. அவனுடைய நோய் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். கதவுகளைத் திறப்பான். உணவறை, குளியலறை, அலமாரி, எதுவானாலும் திறந்து, எட்டிப் பார்த்து, மரியாதையாக விலகி வழிவிட்டு நிற்பான். பூட்டிய வார்டில் போட்டதால் அது இன்னும் மோசமாயிற்று. சில காவலர்கள் பொழுதுபோகாமல் மேசையைத் தட்டி அவனை ஓடவைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அது கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினேன்.

ஜன்னல் வைக்கும் விழா நன்றாக நடந்தது. வேதபாடம் வாசித்தவன் நான். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னபோது எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள்.

“உங்கள் அப்பா அப்படி என்ன குற்றம் செய்தார்?” என்று சற்றுமுன் என்னிடம் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அப்பா ஒன்றும் செய்யவில்லை. இளமையில் சுரங்க வேலையில் வெடிமருந்துச் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. கன்னத்தருகே வந்து கத்தினாலொழிய எதுவும் கேட்காது. அன்று அவருக்குக் கதவுச் சத்தம் கேட்கவில்லை. அம்மா கொட்டகைக்குப் போனது அவருக்குத் தெரியவும் தெரியாது, பின்கட்டில் படுத்திருக்கிறார் என்று நினைத்தார். மூத்த மகன் என்பதால் கதவைத் தாழிடும் பொறுப்பு என்னுடையது. அம்மா வெளியே இருப்பது தெரிந்துதான் தாழிட்டேன். தாமதமாக வந்தால் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஒழுங்கைக் காப்பவன் என்று அப்பா என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். தட்டும் சத்தம் கேட்டதும் லாக்லன் எழுந்தான். அவனைப் பிடித்து உட்காரவைத்து, வாயைப் பொத்தியவன் நான். பொத்திய கையை எடுக்காமலே பாடிக்கொண்டிருந்தேன்.

பெர்ரி ரொட்டி கொண்டுவந்த அன்று லாக்லன் சொன்னதில் மீதி ஒன்று இருக்கிறது. “அப்பா மேல தப்பில்ல, அத முதல்ல சொல்லிருவேன்,” என்றான். “உன் பேரையும் எடுக்கமாட்டேன். எனக்குக் கேட்டுச்சு, நான் சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்றேன். நீ பக்கத்துல வந்து நின்னா போதும்ணா. அம்மாவுக்கு உன்மேலயும் கோவமில்ல.”

அதைக் கேட்டுக்கொண்டுதான் அவனுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். லாக்லனை எங்கே அனுப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இது எங்கள் சபைக்குப் போக வேண்டாம். அப்பாவின் பெயர் கெட்டுவிடும்.