சூட்டோடு திறக்கக் கூடாது

இந்த எஸ்.ஐ. மேடம் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். சட்டையில் அன்புக்கரசி என்று பெயர் குத்தியிருந்தது. சின்ன வயது. டீ கொடுத்தேன், குடித்தார். அதற்குள் என்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது. டீக்கு அந்தச் சக்தி உண்டு.

என் வீட்டுக்காரர் சக்கரபாணி எப்படிச் செத்தார் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சினிமா பார்த்துக்கொண்டிருக்கும்போது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவருக்குப் பழைய இங்கிலீஷ் படம் என்றால் உயிர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஹாலிவுட்டில் யார் எந்தப் படிக்கட்டில் ஆடினார்கள் என்பதெல்லாம் தெரியும். நான் எதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது தெரியாது. ஒரு மனிதர் எவ்வளவைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

ஞாயிறு சாப்பாடானதும் கதவைத் தாழ்போட்டுவிட்டுப் படம் போடுவார். முடியும்வரை எழக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. சூளை வழக்கம் அது. நெருப்பை அணைத்த பிறகும் உள்ளே இருப்பது தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுப் பொம்மை, கோப்பை எல்லாம் கீறல் விடும். "சூட்டோட தெறந்தா எல்லாம் கீறல் வுட்டுடும்டி" என்பார். சினிமாவும் அப்படித்தானாம். ஒரு தடவை பாதிப் படத்தில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து போன் வந்தது, என் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று. "படம் முடியட்டும், போவலாம்" என்றார். முடிந்ததும் போனோம். அம்மாவுக்குத்தான் காத்திருக்கப் பொறுமை இல்லை. அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். விவரத்துக்காகச் சொல்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் சிரிப்பு வருவதற்கு முன்பே படத்தை நிறுத்தி, என்ன சிரிப்பு வரப்போகிறது என்று விளக்குவார். பிறகு ஓடவிட்டு அவர் சிரிப்பார். அவரைப் பார்த்துவிட்டு நான் சிரிப்பேன். குடும்பம் நல்லபடியாக நடந்தது.

அந்த ஞாயிறு போட்ட படத்தைப் பற்றிக் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். உலகத்தையே சிரிக்கவைத்த நடிகராம். பாட்டு, ஆட்டம், காமெடி எல்லாம் அவரேயாம். எங்கும் கிடைக்காத படம் யார் மூலமோ பென்டிரைவில் வந்துவிட்டது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு பணக்காரன் கப்பலில் சர்வராக வேஷம் போடுகிறான். மீசையை எடுத்துவிட்டான் என்பதற்காகக் காதலிக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. தட்டு விழுந்தால் பாட்டு, பாட்டு நின்றால் தட்டு. பெரிய நடிகருக்கு வயதாகியிருந்தது. ஆடும்போது காலை மட்டும் தனியாகக் காட்டினார்கள், அது யாருடைய காலோ. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எதையும் விளக்கவும் இல்லை. நான் படத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு நல்லது. ஆனால் அந்தப் படத்துக்கு ஒருவர் சிரித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

"பூர்ணிமா… கதவத் தெற. மதிவாணனக் கூப்புடு."

மதிவாணன் பக்கத்து வீடு, ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோ எங்கள் வாசலில்தான் நின்றது.

"பாதியில எப்படிங்க தெறக்கறது? கீறல் வுட்டுடுமே," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் நாற்காலியோடு சாய்ந்தார். மதிவாணன் வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, என்னக்கா சத்தம்? அண்ணன் வுழுந்துட்டாரா?"

"படத்துல வுழறாங்க தம்பி."

"இங்கிலீஷ்காரன் எதுக்குக்கா பூர்ணிமான்னு கத்துறான்?"

"அண்ணன் எனக்கு வெளக்கிச் சொல்றாரு. முடிஞ்சதும் வாங்க."

போய்விட்டார். பெரிய நடிகர் கேக்கில் வழுக்கி, படிக்கட்டு முழுக்க உருண்டார். விளக்கம் இல்லாமலே எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அது. என் வீட்டுக்காரர் தரையில் கிடந்தபடி, நான் சிரிப்பதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை. படத்தில் எல்லோருக்கும் கல்யாணமாகி, பெயர்களெல்லாம் ஓடி மறைந்த பிறகு நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

மதிவாணன்தான் போலீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் விளக்கினால் எஸ்.ஐ. மேடத்துக்கு நேரமாகும் என்று நான் சுருக்கமாகவே பதில் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வளையல் இல்லாத என் கையைப் பார்த்தார், பிறகு மாலை போட்ட போட்டோவைப் பார்த்தார். நல்ல பெண்.

"சாப்ட்ட அசதியில கண்ணசந்துட்டீங்க. அவரு கூப்ட்டது ஒங்களுக்குக் கேக்கல. மதிவாணனுக்கும் தூக்கக் கலக்கத்துல ஏதோ பதில் சொல்லிட்டீங்க. அப்படித்தானம்மா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் கெளம்பறேன்."

புருஷனுக்கு உயிர் போகும்போது பொண்டாட்டி தூங்கினாள் என்று நாளைக்கு ஊரில் பேச்சு வரும். அத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்ததற்கு அப்படி ஒரு பெயரா? அது என்னால் முடியாது.

"அப்படி எழுதாதீங்க மேடம்," என்றேன். "நான் கண்ண மூடவே இல்ல. கடைசி வரைக்கும் அவர நான்தான் பார்த்துக்கிட்டேன்."