முப்பத்தேழு டிகிரி

நேரம் இரவு ஒன்று நாற்பது. இதை எனக்குச் சொன்ன மிஷேல் ஒன்றரை என்றுதான் சொன்னாள். ஆனால் அவள் மாமா வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரத்தை வைத்துப் பார்த்தால் ஒன்று நாற்பதுதான் பொருந்துகிறது. கெலாங் பாத்தா ஊரைத் தாண்டிய சாலை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எதிரே ஒரு வண்டி கிடையாது. மோட்டார் சைக்கிளில் வாலண்டைன் மாமா மட்டும்... வேலைக்குத் தாமதமாகிவிட்ட அவசரத்தில்.

அவருக்குக் கார் சோதனைக் கூடத்தில் வேலை. பனி நாடுகளுக்குப் போகும் கார்களை அங்கே ஒரு குளிர் அறையில் நிறுத்தி உறைய வைப்பார்கள். மைனஸ் இருபத்தைந்து. அந்தக் குளிரில் எண்ணெய் இறுகி இன்ஜின் கிளம்பாது. அதற்காகவே இன்ஜினுக்குள் ஒரு ஹீட்டர் இருக்கும். காரின் முகத்திலிருந்து தொங்கும் வயரைச் சுவரில் செருகினால், மூன்று மணி நேரத்தில் இன்ஜின் சூடாகிவிடும். எவ்வளவு சூடு என்பதை வெளியே ஒரு கணினி நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே இருக்கும்.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போகிறவர் பலகையிலிருந்து தன் பெயர் அட்டையை எடுத்துக் கதவுக் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் திரும்பப் பலகையில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். யார் உள்ளே, யார் வெளியே என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

வாலண்டைன் முந்தின நாள் தன் அட்டையை மறந்துபோய்ச் சட்டைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். பலகையில் ஆளில்லாத அட்டை ஒன்று தொங்கியது. காளியப்பன், எப்போதும் தலைவலித் தைலம் மணப்பவர். போன வருடம் அதே அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர். அதைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து நிமிட வேலைதானே என்று வாலண்டைன் அதை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டே காலுக்குத் தீபன் வந்தான். இளம் பையன், கணினியைப் பார்த்துக்கொள்பவன். கொக்கியில் செத்தவர் பெயர். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். பலகையில் வாலண்டைனின் இடம் காலி, கொக்கியிலும் அவர் அட்டை இல்லை. சரி, அண்ணன் இன்னும் வரவில்லை, இன்றைக்குச் சோதனை நடக்காது என்று முடிவு செய்தான். முந்தின ஷிப்ட் போட்டுவிட்டுப் போன ஹீட்டரை வெளிச் சுவிட்சில் நிறுத்தினான். விளக்கை அணைத்தான். கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் காவலரோடு தேநீர் குடிக்கப் போனான்.

உள்ளே... டக்.

வாலண்டைன் இருட்டில் கதவைத் தடவினார். உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. தட்டினார். கத்தினார். குளிரூட்டியின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. கைப்பேசி ஒருமுறை மின்னிக் குளிரில் அணைந்தது. ஆறு மணி வரை யாரும் வர மாட்டார்கள்.

காரைத் தேடிப் போனார். மூடியைத் தூக்கி, இன்ஜின்மேல் நெஞ்சு பட, குழந்தையைப் போலக் குப்புறக் கவிழ்ந்தார். சூடு இருந்தது. ஆனால் அடியில் இரும்பு சுருங்கும் சத்தம். டிக்... டிக்... ஆறிக்கொண்டிருந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மூச்சு மீசையில் உறைந்தது. மனைவி ஏஞ்சலா ஏழு மணிக்குத்தான் தேடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அந்த டிக் டிக் நின்றது.

நெஞ்சுக்கு அடியில் வெதுவெதுப்பு ஏறியது. மெதுவாக. கூடவே தைல வாசனை... தலைவலித் தைலம். அவர் யோசிக்கவில்லை. இறுகக் கட்டிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. வாலண்டைன் தள்ளாடி வெளியே வந்தார். கை பழக்கத்தில் கொக்கியிலிருந்த அட்டையை எடுத்துப் பலகையில் மாட்டியது. தீபன் அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான்.

“ஹீட்டர்தான்டா காப்பாத்துச்சு.”

“அத நான் ரெண்டே காலுக்கே அடைச்சிட்டேண்ணே.”

கணினியைப் பார்த்தார்கள். மூன்று பத்துக்கு இன்ஜின் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. பிறகு மேலே ஏறி, ஆறு மணி வரை ஒரே நேர்க்கோடு. முப்பத்தேழு. அவர் வெளியே வந்த நிமிடத்தில் ஒரேயடியாக மைனஸ் இருபத்தைந்து.

“என் உடம்புச் சூடா இருக்கும்” என்றார்.

“கருவி இரும்புக்கு உள்ள இருக்குண்ணே.” தீபன் பலகையைப் பார்த்தான். குரல் இறங்கியது. “அண்ணே... இப்ப யாரை வெளிய எடுத்து வச்சீங்க?”

வாலண்டைன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். அதே செம்பனைச் சாலையில் வீட்டுக்குத் திரும்பினார். விடியற்காற்று முகத்தில் சில்லென்று அடித்தது. முதுகு மட்டும் வெதுவெதுவென்று இருந்தது, யாரோ ஒட்டி உட்கார்ந்திருப்பதுபோல. தைல வாசனை. வேகத்தைக் கூட்டினார்... அது விலகவில்லை. வாசலில் இறங்கினார். அதுவும் இறங்கியது.

வீட்டில் ஆணியில் நேற்றைய சட்டை தொங்கியது. தன் அட்டையை எடுக்கப் பைக்குள் கைவிட்டார்.

இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று சூடாக இருந்தது.