பின் சக்கரத்து இரைச்சல்

சோமனூரிலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "பின் சீட்டைக் கழட்டிப்போட்டு, காருக்குள்ள தரையில காதை வெச்சுப் படுத்துட்டே சாமளாபுரம் வரைக்கும் போனனுங்க்கா."

"எதுக்கு கண்ணு?"

"பின்னால ஊம்முனு ஒரே இரைச்சலுங்க. கேசட்ல பாட்டுப் போட்டாலும் மீறிக் கேக்கும். மெக்கானிக் டயரை மாத்தியும் அடங்கல. எங்கூட்டுக்காரர் வண்டியையே வித்துரலாம்னுட்டார். வாடகைக்கு ஓட்டற காருங்க, அதுலதான் சோறு."

"உனக்கென்ன தெரியும் அதப்பத்தி?"

"பனியன் கம்பெனி நிட்டிங் மிஷின்ல எட்டு வருசமா வேலைங்க. பேரிங் போற சத்தம் தெரியாதுங்களா? படுத்துக் கேக்கறப்ப, எங்கூட்டுக்காரர் வண்டிய வலப்பக்கம் திருப்புனா சத்தம் ஏறுச்சு, இடப்பக்கம் திருப்புனா கொறஞ்சுது. வலப்பக்கம் திரும்பறப்ப பாரமெல்லாம் இடப்பக்கந்தானே விழுந்து கத்தும்? இடது பின் சக்கரத்துப் பேரிங்தான்னேன். மெக்கானிக் சிரிச்சார்."

"அப்புறம்?"

"கழட்டுனா, பேரிங்குக்குள்ள குண்டெல்லாம் தேஞ்சு கருத்துக் கெடந்துச்சு. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா சக்கரம் கழண்டிருக்கும்னு அவரே சொன்னார். புதுசு போட்டதும் சத்தமே இல்லீங்க."

"ஊட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"மக்யாநாள் காலைல டிரைவிங் ஸ்கூல்ல சேர்ற ஃபாரம் ஒண்ணு வாங்கியாந்து எம்முன்னால வெச்சார். இப்ப அங்கதானுங்க போயிட்டிருக்கேன்."