பச்சைக் கேட்டைத் தாண்டி

– பதினொண்ணுக்கு ஒம்பது, நெலிதா. ஓட்டுன்னா ஓட்டுதான். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

– முறை இருக்கட்டும், வில்ஃப்ரெதோ அண்ணே. அந்தப் பதினொண்ணு யார் யாருன்னு எனக்குத் தெரியும். எல்லார் வீட்டு ஜன்னல் கம்பியும் நான் வெல்டு வச்சதுதான். ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையை எனக்கு எதிரா தூக்கியிருக்காங்க.

– நான் தெருக் கமிட்டித் தலைவர். எனக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு கிடையாது. தீர்மானப் புத்தகத்துல ஏறியாச்சு: வீட்டு முன்னறையில வெல்டிங் பட்டறை கூடாது, இன்னியிலேருந்து மெஷினைத் தொடக் கூடாது, சனிக்கிழமைக்குள்ள மூடணும். இந்த இடத்துல நீ ஒரு கையெழுத்துப் போடு. ஓர்தென்சியா அம்மா சாட்சிக்கு வந்திருக்காங்க.

– சாட்சியா? தீர்மானம் கொண்டுவந்ததே அவங்கதானே! வாங்கம்மா, உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேண்டாம், இப்பத்தான் கால் வெல்டு வச்சேன், சுடும். இந்த நாற்காலி. சிச்சா குடிக்கிறீங்களா? ஊதாச் சோளம், காலையில காய்ச்சினது.

– அரை தம்ளர். சர்க்கரை வேண்டாம்.

– குடிச்சிக்கிட்டே சொல்லுங்க. என் மெஷின் உங்களை என்ன பண்ணுச்சு?

– முதலாவது, சத்தம். இரண்டாவது, தீப்பொறி. மூன்றாவது, பெயிண்ட் வாடை. மூணையும் தேதி போட்டு மனுவுல எழுதியிருக்கேன்.

– மனுவா? என்னம்மா மனு? தெருவுக்குள்ளேயே தீர்மானம் போட்டாச்சே!

– தெருத் தீர்மானத்தை நகராட்சி மதிக்காது, தலைவரே. இன்னிக்கு எட்டரைக்கு வரிசையில நின்னு கொடுத்துட்டு வந்தேன். சீல் போட்ட நகல் இதோ.

– பார்த்தியா நெலிதா! முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸ்ல மனு எழுதின கை. ஒரு கமா தப்பாது.

– பெருமைய அப்புறம் வச்சுக்கலாம், படிங்க அண்ணே. என் பிழைப்புல மண்ணைப் போடற காகிதத்தை நானும் கேக்கறேன். இந்த மெஷின் நின்னா என் ரெண்டு பொண்ணுங்க படிப்பும் நிக்கும். வெளிய கடை எடுத்தா மாசம் எண்ணூறு சோல் வாடகை. அதுக்கு நான் ஜன்னல் கம்பி வைக்கறதை விட்டுட்டு பேங்க் கம்பிய அறுக்கத்தான் போகணும்.

– இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, காலஞ்சென்ற தெயோஃபிலோவின் மனைவி ஓர்தென்சியா பல்வீன் ஆகிய நான்...’ ப்ச். நல்ல மனுஷன். மார்ச்சுலதானே போனார்?

– மார்ச் பதினாறு. ஏப்ரல் கூட்டத்துல சாவி விஷயமாப் பேச எந்திரிச்சேன்.

– அன்னிக்கு நேரமில்லைம்மா, தார் ரோட்டுப் பஞ்சாயத்தே முடியலையே. ம்... ‘எஃப் பிளாக், மனை பன்னிரண்டில் இயங்கும் பட்டறை...’

– இந்த மலைச்சரிவுல எஃப் பிளாக் பன்னிரண்டு நாலு இருக்கே. எனக்கு வர்ற இரும்பு லாரி ஒவ்வொரு தடவையும் மேல் குடியிருப்புக்குப் போயிட்டுத்தான் வரும்.

– அதனாலதான் வழியும் எழுதியிருக்கேன்.

– ‘ஆய்வாளர் எளிதில் வந்து சேர வழி பின்வருமாறு: மூலிகைக் கஷாய வண்டி நிற்கும் முனையில் இறங்கி இடப்புறம் திரும்பவும். தெருவின் குறுக்கே குடியிருப்போர் கமிட்டி நிறுவியுள்ள, நான்கு மீட்டர் அகலமுள்ள பச்சைக் கேட்டைத் தாண்டி வரவும். கேட்டு பகலிலும் பூட்டியிருக்கும்; ஆட்கள் நுழைய அதில் சின்னக் கதவு ஒன்று மட்டும் உண்டு. பெரிய பூட்டின் சாவி காவலாளியிடமும் கமிட்டித் தலைவரிடமும் மட்டுமே...’

– ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க?

– என்னம்மா எழுதி வச்சிருக்கீங்க!

– வழி.

– வழியா? நம்ம கேட்டுக்கு ஏதும்மா பர்மிஷன்? எட்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கோம். அகலத்தை வேற அளந்து கொடுத்திருக்கீங்களே!

– ஹாஹா! என் பட்டறையைப் பார்க்க வர்றவர் முதல்ல முட்டிக்கப்போறது உங்க கேட்டுல!

– சிரிக்காதே நெலிதா. அபராதம் என் பேர்லதான் வரும். ஆய்வாளர் எப்பம்மா வர்றார்?

– வியாழன், காலை பத்து மணி. சீலுக்குக் கீழே குறிச்சிருக்கு.

– நாளை மறுநாளா! நெலிதா, நாளைக்குள்ள அதைக் கழட்டி எங்கேயாவது சாத்தி வச்சிடு. அவர் போனதும் மாட்டிக்கலாம்.

– கழட்ட வராது அண்ணே. ‘திருடன் தூக்க முடியாதபடி கீலை வெல்டு வை’ன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் நல்லா வச்சுட்டேன். அறுத்தாத்தான் உண்டு.

– அப்ப அறு!

– எதை வச்சு? மெஷினைத் தொடக் கூடாதுன்னு உங்க புத்தகம் சொல்லுதே. பதினொண்ணுக்கு ஒம்பது. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

– அந்தப் பக்கத்தையே கிழிச்சுடறேன்.

– கிழிக்க முடியாது, தலைவரே. நோட்டரி சீல் வச்சு நம்பர் போட்ட பக்கம். ஒண்ணு போனா புத்தகமே செல்லாது.

– அப்ப அடுத்த பக்கத்துல எழுதுங்க. நான் சொல்றேன். ‘நெலிதா யவுரி பட்டறை நடத்த ஆட்சேபம் இல்லை. காலை எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு. மதியம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் மெஷின் ஓடாது. ஞாயிறு லீவு. தெருப் பக்கம் தகரத் திரை. பெயிண்ட் மொட்டை மாடியில.’ இதையேதான் கூட்டத்துலயும் சொன்னேன். காதுல வாங்கத்தான் ஆளில்லை.

– எழுதறேன், எழுதறேன். ஆனா வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கணுமே. தீர்மானம் கொண்டுவந்தவங்களே போடலைன்னா மத்தவங்க எங்கே போடுவாங்க? ஓர்தென்சியா அம்மா, தெரு நன்மைக்காக நீங்க கொஞ்சம் மனசு வச்சு...

– இந்தாங்க. ஆட்சேபம் இல்லைங்கற கடிதம், நெலிதாவோட லைசென்ஸுக்கு. கையெழுத்து இருக்கு, பக்கத்துல விரல் ரேகையும் இருக்கு.

– இதுல நேத்துத் தேதி போட்டிருக்கே! நேத்து எனக்கு லைசென்ஸ் கொடுங்கன்னு எழுதிட்டு, இன்னிக்கு என் மேல மனுவாம்மா?

– உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், நெலிதா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துலேருந்து உனக்குச் சோறு இறங்கியிருக்காது. ஆனா, கேட்டு வேண்டாம்னு நான் எழுந்து நின்னா இந்தத் தெருவுல ஒரு கை உயராது. பட்டறை வேண்டாம்னா பதினொண்ணு உயருது. அதனாலதான் பட்டறை பேரைச் சொல்லி ஆய்வாளரைக் கேட்டு வரைக்கும் வரவழைச்சேன்.

– என்னம்மா உளறீங்க? உங்க கேஸ் சிலிண்டர் திருட்டுப் போன அப்புறம்தானே கேட்டே போட்டோம்! ஏதோ கவனப் பிசகா ஒரு வரி எழுதிட்டீங்க. முப்பது வருஷத்துல ஒரு பிழை வந்தா என்ன, நாங்க என்ன தூக்குலயா போடப்போறோம்?

– பிழை இல்லை, தலைவரே. மார்ச் பதினாறு, ஞாயித்துக்கிழமை, மூணு பத்துக்கு ஆம்புலன்ஸ் கேட்டு வாசலுக்கு வந்துடுச்சு. காவலாளிக்கு லீவு. நெலிதா ஊருல இல்லை, இருந்திருந்தா அன்னிக்கே அறுத்துத் தள்ளியிருப்பா. தெயோஃபிலோவை நாற்காலியில உக்கார வச்சு அந்தச் சின்னக் கதவு வழியா நாங்க திணிச்சுக்கிட்டிருந்தப்ப, பெரிய பூட்டோட சாவி உங்க சட்டைப் பையில ஃபுட்பால் பார்த்துக்கிட்டிருந்தது.