நடு ஊரில் சுடலை

"நடு ஊரில ஆராவது சுடலை வைப்பினமோ, பிள்ளை?"

கனடாவில், மார்க்கம் ரோட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததும், காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். கேட்டது ஒரு அம்மா. பக்கத்தில் மகள், ஃபோனில் படங்கள் காட்டிக்கொண்டிருந்தாள். மகளின் புருஷன் இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தில் கடை எடுத்திருக்கிறானாம். அடுத்த மாதம் இவளும் அங்கேயே போய்விடப் போகிறாள்.

"சுடலை இல்லையம்மா, கல்லறையளோட ஒரு சேர்ச். முதல்ல அதைத்தான் கட்டினவை. பிறகு ஊர் அதைச் சுத்தி வளந்தது. இங்கால ஆறு, அங்கால செம்மறி மேயிற மேடு."

"அப்ப கடை?"

"சேர்ச்சுக்கு நேர முன்னால."

"நல்லாயிருக்கு! விடிய எழும்பிக் கதவைத் திறந்தா, செத்தவையின்ர முகத்திலயோ முழிக்கிறது?"

"ஐயோ அம்மா, அதெல்லாம் எத்தினையோ நூறு வருஷப் பழசு. சோ பீஸ்ஃபுல். கல்லறையளுக்கு நடுவில வாங்கு போட்டிருக்கு, சனம் அதில இருந்து சாண்ட்விச் சாப்பிடுதுகள்."

அம்மா ஃபோனை வாங்கி, கல்லறைப் படங்களை விரலால் பெருப்பித்துப் பார்த்தார்.

"என்ன, எல்லாக் கல்லிலயும் ஒரே பேராக் கிடக்கு?"

"நாலஞ்சு குடும்பம்தானே. அங்கேயே பிறந்து, அங்கேயே செத்ததுகள்."

"பாத்தியே? ஒரு பிள்ளையும் தாயை விட்டிட்டுப் போகேல்லை."

மகள் சிரித்தாள். "நீங்கள் மட்டும்? அம்மம்மாவை விட்டிட்டுத்தானே கனடாவுக்கு வந்தனீங்கள்?"

"ஓம்" என்றார் அம்மா. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "அதாலதான் சொல்லுறன்."