எனக்கு முதுகுவலியாம்

ஹலோ... ஆ, ரெமி. சத்தமாப் பேசு, பேண்டு வாத்தியம் காதைக் கிழிக்குது... எங்க இருக்கேனா? ஊர்வலத்துலதான். ரேஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் டிரைவருங்க எங்க இருப்பாங்கன்னு டீம் முதலாளிக்கே மறந்துபோச்சா? ... ஆமா, ஆமா. நான், இந்த வருஷம் சேர்ந்த பொண்ணு மயிவென், அந்த டென்மார்க்காரன், மூணு பேரும் ஒரே காருலதான். அவன் முன்சீட்டுல தூங்கறான்.

என்னது? ... இரு, இரு. திரும்பச் சொல்லு... எனக்கு முதுகுவலியா? யாரு சொன்னா? ... எந்த டாக்டரு? என்னை எப்பப் பார்த்தாரு? ... ரெண்டு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணின முதுகு. போன மாசம்கூட ஆறு மணி நேரம் ஓட்டினேன், உனக்கு வலிக்கலை. இன்னைக்கு வலிக்குதா?

மெர்சி மேடம், ரொம்ப நன்றி. தொப்பியில கையெழுத்தா? கொடுங்க... என் பேரு அன்செல்ம்னே போட்டுடறேன். ஆமாங்க, நாளைக்கு ஓட்டினா எனக்கு இருபதாவது லெ மான் ரேஸு. பார்க்க வருவீங்கல்ல?

ஹலோ... இருக்கேன், சொல்லித் தொலை. எனக்குப் பதிலா யாரு? ... லியோபோலா. அதானே பார்த்தேன். காரு ரெண்டு கதவுலயும் அவங்க அப்பன் சீஸ் கம்பெனி பேரு எழுதியிருக்கே, அது பத்தாதா? மகனையும் உள்ள உக்கார வெக்கணுமா? ... காலைல மெக்கானிக்குங்க என் சீட்டை வெளிய எடுத்துப் போட்டிருந்தாங்க. துடைக்கறோம்னாங்க. ஒருத்தனும் என் மூஞ்சியப் பார்க்கலை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கத்தாதே. இன்னைக்கு நான்தான் கத்தணும், நீ இல்லை... அக்கறையா? காரு ஏத்த உன்கிட்ட ஒரே ஒரு லாரி இருந்த காலத்துல, விலா எலும்பு ரெண்டு உடைஞ்சு, கட்டுப் போட்டுக்கிட்டு ஒன்பது மணி நேரம் ஓட்டினேனே, அப்ப எங்கடா போச்சு இந்த அக்கறை? ... ம்... ம்... பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை மூணாவது வந்தேன். ஒரு தடவை ஜெயிச்சிருக்கணும், நாப்பது நிமிஷம் மிச்சம் இருக்கறப்ப கியர்பாக்ஸ் போச்சு. அதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லி அழலை. கோப்பை வேணும்னு உன்னைக் கேட்டேனா? இந்த ஒரு தடவை ஓட்டிட்டு நானே நிறுத்திக்கறேன்னுதான் சொன்னேன். நானா நிறுத்தணும், அவ்வளவுதான் கேட்டேன். அதையும் பிடுங்கிக்கிட்டே.

ஆள் மாத்தற பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்ன பண்ணுவே? ... வேண்டியதில்லையா? ... கொடுத்தாச்சா? எப்ப? ... மூணு மணிக்கே அதிகாரிங்ககிட்ட டாக்டர் சீட்டைக் கொடுத்து, அவங்க என் பேரை அடிச்சு... ஓஹோ. எல்லாம் முடிச்சிட்டு எனக்கு போன். மனுஷனாடா நீ?

ஒண்ணுமில்லை மயிவென். வீட்டுலருந்து. நீ அந்தப் பக்கம் கை ஆட்டு, உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க.

ரெமி. ஒரே ஒரு கேள்வி. லியோபோல் இருட்டுல எத்தனை சுத்து ஓட்டியிருக்கான்? ... தெரியும், அஞ்சு சுத்து ஓட்டினாதான் ரேஸுல விடுவாங்கன்னு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். அவன் எத்தனை ஓட்டினான்? ... ஆறு. நேத்து, நம்ம ரெண்டாவது காருல. சரி. எத்தனை மணிக்கு ஏறினான்? ... ஒம்போது அம்பதுக்கு. அதிகாரிங்க ராத்திரின்னு எண்ண ஆரம்பிக்கறது எத்தனை மணிக்கு? ... சொல்லு... பத்து. சுத்துக்கு நாலு நிமிஷம். முதல் மூணு சுத்தும் பத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ஜூன் மாசம்டா இது, இந்த ஊர்ல ராத்திரி ஒம்போதே முக்காலுக்கும் வெயில்ல கண்ணு கூசும். ஹெல்மெட்டுல கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போனானே, அதைப் பார்த்தும் உனக்குத் தோணலையா? ... மூணுதான். எத்தனை தடவை எண்ணினாலும் மூணுதான்.

எப்ப ஓட்டுவான்? ட்ராக்கைத்தான் இன்னைக்குப் பூரா மூடிட்டாங்களே. இனிமே அவனுக்கு இருட்டு கிடைக்கறது ரேஸுலதான்... என் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லப் போறியா? போய்ச் சொல்லு. நாளைக்கு அன்செல்ம் ஓட்ட லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்தது நீ. மூணு மணி நேரத்துல முதுகு சரியாப்போச்சுன்னா, டாக்டர் சீட்டு பொய்யின்னு ஆயிடும். ஒத்துக்குவியா? டீமையே தடை பண்ணிடுவாங்க... மாட்டே. உன்னை எனக்குத் தெரியும்.

நானும் இல்லை, அவனும் இல்லை. இருபத்திநாலு மணி நேர ரேஸு, மாத்தி மாத்தி ஓட்ட மூணு பேர் இல்லாத காரு நாளைக்குக் கிளம்பாது... சிரிக்கறேனா? இங்க உக்காந்து கை ஆட்டிக்கிட்டிருக்கேன், ஜனங்க என் பேரைக் கத்தறாங்க, நாளைக்கு நான் ஓட்டப்போறதில்லை.

எனக்காவது பத்தொன்பது இருக்கு. இந்தப் பொண்ணுக்கு? முதல் லெ மான். அவ அம்மாவும் அப்பாவும் பிரெத்தாஞ்யிலருந்து பஸ்ஸு பிடிச்சு, ஊர்க்காரங்க முப்பது பேரைக் கூட்டிக்கிட்டு வந்து முன்னாடி முக்குல நிக்கறாங்க. அவளை நினைச்சியா நீ? ... நானா? நான் எதுக்குச் சொல்லணும்? நீ செஞ்ச வேலை, நீ சொல்லு... ஊர்வலம் முடிஞ்சப்புறமா? அதெல்லாம் கிடையாது.

மயிவென், இந்தாம்மா. ரெமி பேசணுமாம்... ஆமா, உன்கிட்டதான்...

என்ன, ஒண்ணும் கேக்கலையா? கொடு... ஹலோ. ரெமி. ஹலோ... வெச்சிட்டான்.