பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் பெயரைத் தேடித் தந்தவருக்கு

முப்பத்தோராண்டு மருத்துவமனையின் பதிவுகளைக் கணினியில் பழுதறக் காத்த பண்பின் பெட்டகமே! குளிரறையில் அமர்ந்து கொதிப்பறியாக் குணவதியே! இன்று பணி நிறைவு பெறும் தரவுத்தளப் பொறுப்பாளர் அம்மையீர்! வணக்கம்.

தங்கள் திறமைகளை அடுக்கினால், "தேநீர் ஆறுது, சுருக்கமா முடிங்கப்பா" என்பீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் உரைக்கிறோம்.

வரவேற்பு மேசையில் நோயாளியின் பெயரை ஒருவர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிப்பார். மற்றொருவர் சின்ன எழுத்தில் அடிப்பார். எப்படி அடித்தாலும் ஆள் அகப்பட வேண்டுமென்று, இருபது லட்சம் பெயர்களையும் ஒவ்வொரு முறையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிட்டது நம் மென்பொருள். இன்டெக்ஸ் என்னும் அகரவரிசை அருகிலேயே இருந்தும், அதில் பெயர்கள் அடித்தது அடித்தபடியே இருந்ததால், அதைத் தொடாமல் தலைமுதல் கால்வரை தேடியது. நாற்பது விநாடி! பொறுமையிழந்த எழுத்தர் புதுப் பதிவு போட்டுவிடுவார். ஒவ்வாத மருந்தின் குறிப்பு பழைய பதிவிலேயே தங்கிவிடும்.

தாங்கள் சின்ன எழுத்தாக்கிய பெயர்களுக்கென்றே தனி இன்டெக்ஸ் அமைத்தீர்கள். கண்ணிமைப்பதற்குள் பெயர் வந்து நின்றது. கைதட்டினோம்.

சில மாதங்களில் தேடல் மீண்டும் நத்தையாயிற்று. அந்த வாரமே, அவசரத்தில் புதுப் பதிவு போடப்பட்ட ஒரு முதியவருக்கு ஒவ்வாத ஊசி போடப்பட்டது. மூன்று நாள் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். விசாரணையில், "மேடம் போட்ட இன்டெக்ஸ்தான் சரியில்ல சார்" என்றது எங்களில் ஒரு குரல். மற்றவர்கள் வாய்திறக்கவில்லை. தங்கள் பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. வரவிருந்த பதவி உயர்வு போயிற்று.

உண்மை இதுதான். மென்பொருளை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று, பெயர்களைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும்படி அதில் தேடலுக்கான வரியை எங்களில் ஒருவர் மாற்றியிருந்தார். சின்ன எழுத்துக்குப் போட்ட இன்டெக்ஸ் அந்தத் தேடலுக்குப் பயன்படவில்லை. தாங்கள் அதைக் கண்டுபிடித்து ஒரே ஒரு சொல்லைத் திருத்தினீர்கள். வரியை மாற்றியவர் பெயரும் தாங்கள் திருத்திய அதே திரையில்தான் இருந்தது. "இனிமே எதை மாத்தினாலும் இன்டெக்ஸ் வேலை செய்யுதான்னு ஒருதடவை பாத்துடுங்க" என்றதோடு சரி. பதினோராண்டாக யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மையீர், அந்த வரியை மாற்றியவரும், விசாரணையில் தங்கள்மேல் பழிபோட்டவரும் ஒருவரே. இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். நேற்று அதை எழுதி, கையொப்பமிட்டு, மேலாளரிடம் கொடுத்துவிட்டார். கண்டனம் நீக்கப்பட்டது. பதவி உயர்வைத் திருப்பித்தர எங்களால் இயலவில்லை, அதற்காக வெட்கப்படுகிறோம்.

நோயின்றி, நூறு கடந்து, இந்த மருத்துவமனைக்கு விருந்தாளியாக மட்டுமே வந்து போவீராக!

தங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்கும்
கணினிப் பிரிவு ஊழியர்கள்

முதல் கையொப்பம்: வாசித்தவர்